புதிய ஆட்டக்காரர்கள் யாருக்காக?

மலேசிய சூப்பர் லீக் அணிகள் அடுத்த பருவத்திற்கான ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் வாரங்களில், காற்பந்து இரசிகர்கள் கூடும் உணவகங்களில் வேறு பேச்சுக்கு இடமில்லை. தே தாரிக் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வாதம் நடக்கும். "முன்னால ஆட இந்த வருசம் யாரைக் கொண்டு வர்றாங்க மாமா? பிரேசில்காரன்னு சொல்றாங்களே!" என்று ஓர் இளைஞன் ஆவலோடு கேட்பான். "எவனைக் கொண்டாந்தா என்னடா? நம்ம பையனுங்க வழக்கம்போல பெஞ்சுலதானே உக்காந்திருக்கப் போறானுங்க" என்று அந்த மாமா சலித்துக்கொள்வார். இருவரும் ஒரே அணியின் சட்டையைத்தான் அணிந்திருப்பார்கள்.

இந்த இரண்டு குரல்களும் நியாயமானவை. இளைஞன் வெற்றியை விரும்புகிறான். சென்ற பருவத்தில் கோல் அடிக்க ஆளில்லாமல் தோற்ற ஆட்டங்கள் அவன் நினைவில் இருக்கின்றன. மாமாவோ நாளைய தேசிய அணியை நினைத்துக் கவலைப்படுகிறார். லீக்கில் ஆட வாய்ப்புக் கிடைக்காத உள்ளூர் இளைஞன், நாட்டுக்காக ஆடும்போது மட்டும் திடீரென்று சிறந்து விளங்குவானா என்பது அவருடைய கேள்வி. இந்த வாதம் பல ஆண்டுகளாக நடந்தும் முடிவுக்கு வராததற்குக் காரணம் உண்டு. 'எத்தனை அயல்நாட்டு ஆட்டக்காரர்கள்?' என்ற எண்ணிக்கையிலேயே இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. அந்த ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஆடப்போகிறார், அவருக்குத் தரப்படும் சம்பளத்தை அணியால் தாங்க முடியுமா, அவர் போன பிறகு அணியில் எஞ்சப்போவது என்ன என்ற கேள்விகளை மிகச் சிலரே கேட்கிறார்கள்.

எண்ணிக்கையைச் சுழியமாக்கினால் என்ன நடக்கும் என்பதை மலேசியா ஒருமுறை சோதித்தே பார்த்திருக்கிறது. அந்த அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

2007ஆம் ஆண்டில் ஆசியக் கிண்ணப் போட்டியை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் இணைந்து நடத்தின. ஏற்று நடத்தும் நாடு என்ற தகுதியில் மலேசியா ஆடியது. சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. மூன்று ஆட்டங்களில் பன்னிரண்டு கோல்களை வாங்கி, ஒரே ஒரு கோலைத்தான் அடிக்க முடிந்தது. அதுவும் சொந்த மண்ணில், சொந்த இரசிகர்களின் முன்னிலையில். அந்தத் தோல்விகளுக்குப் பின் எழுந்த கொந்தளிப்பில், உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. 2009ஆம் ஆண்டு பருவம் முதல் லீக்கில் அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் ஆடத் தடை விதிக்கப்பட்டது. 2011 பருவம் வரை அந்தத் தடை நீடித்தது.

அந்த மூன்று ஆண்டுகளில் நடந்தவற்றை இன்றும் பலர் பெருமையோடு நினைவுகூர்கின்றனர். 2009 டிசம்பரில், லாவோஸ் தலைநகர் வியந்தியானில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வியட்நாமை 1-0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியா தங்கம் வென்றது. மறு ஆண்டில் ஆசியான் வெற்றியாளர் கிண்ணமும் கைக்கு வந்தது. அந்தக் கிண்ணப் பயணத்தின் தொடக்கம் மிக மோசமானது. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று மலேசியா தோற்றது. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் மீண்டும் சந்தித்தபோது, புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் 3-0 என்று வென்றது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தத்தில் 4-2 என்ற கணக்கில் கிண்ணம் மலேசியாவிற்கே. சாபி சாலி அந்தப் போட்டியின் தலைசிறந்த கோலடிப்பாளர் ஆனார். இரண்டு வெற்றிகளின்போதும் பயிற்றுநராக இருந்தவர் கே. இராஜகோபால். ஒரு காலத்தில் தாமே தேசிய அணிக்காக ஆடிய அவர், முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணியை உடைந்துபோகாமல் பார்த்துக்கொண்டது பயிற்சியைவிட மனம் சார்ந்த வேலை என்றே சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டில் சீ விளையாட்டுத் தங்கத்தை மலேசியா மீண்டும் தக்கவைத்துக்கொண்டது. அப்போது பயிற்றுநர் ஓங் கிம் சுவீ.

இவற்றைக் காட்டி, 'பார்த்தீர்களா, தடை விதித்தவுடன் தங்கம் வந்தது' என்று வாதிடுவது எளிது. ஆனால், அந்த வெற்றிகளுக்கு வேறு வேர்களும் உண்டு. இளம் ஆட்டக்காரர்களைத் திரட்டி, ஹரிமாவ் மூடா என்ற பெயரில் ஓர் அணி 2007ஆம் ஆண்டிலேயே, அதாவது தடைக்கு முன்பே, உருவாக்கப்பட்டிருந்தது. அந்த இளைஞர்கள் ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிற்சி செய்தனர்; பெரியவர்கள் ஆடும் பிரிமியர் லீக்கிலும் ஓர் அணியாகக் கலந்துகொண்டு, 2009இல் அந்த லீக்கையே வென்றனர். எனவே, அந்தத் தலைமுறையை உருவாக்கியதில் தடைக்குப் பங்கு உண்டு; ஆனால் நீண்டகாலத் திட்டத்திற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. திட்டம் இல்லாமல் தடை மட்டும் இருந்திருந்தால், காலியான இடங்களில் தயாராகாத ஆட்டக்காரர்களை நிறுத்தியிருக்க வேண்டியிருக்கும்.

தடையின் எல்லையும் அந்தக் காலத்திலேயே தெரிந்தது. 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா சிங்கப்பூரைச் சந்தித்தது. சிங்கப்பூரில் 3-5 என்று தோற்று, கோலாலம்பூரில் 1-1 என்று சமநிலை கண்டு வெளியேறியது. அண்மையில்தான் ஆசியான் கிண்ணம் வென்ற அணி அது! எதிரே ஆடிய சிங்கப்பூர் அணியில் அயல்நாட்டில் பிறந்து, சிங்கப்பூர் லீக்கில் ஆடி, பின்னர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் சிலர் இருந்தனர். அவர்களுள் அலெக்சாண்டர் ஜூரிச்சின் கதை வியப்பானது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் போஸ்னியாவின் சார்பில் படகு வலித்தவர் அவர். பின்னர் காற்பந்தை நம்பிப் பல நாடுகளில் ஆடி, சிங்கப்பூரில் நிலைகொண்டு, 37ஆம் வயதில் அந்நாட்டின் தேசிய அணிக்காக முதன்முறை களமிறங்கி, அந்த ஆட்டத்திலேயே இரண்டு கோல்கள் அடித்தார். அவ்வளவு வயதான ஒருவர் தேவைப்பட்டதே சிங்கப்பூர்க் காற்பந்தின் பலவீனத்தைக் காட்டுகிறது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால், அவருடைய உடற்பயிற்சி ஒழுக்கத்தைப் பல ஆண்டுகள் அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு உள்ளூர் இளையர்களுக்குக் கிடைத்ததும் உண்மை.

அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் 2012ஆம் ஆண்டில் மலேசிய லீக்கிற்குத் திரும்பினர். அதன் பிறகு தேசிய அணி சரிந்துவிட்டதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2014, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆசியான் கிண்ணத்தின் இறுதிச் சுற்றை மலேசியா எட்டியது. கிண்ணம் மட்டும் கைக்கு எட்டவில்லை. ஆக, தேசிய அணியின் வெற்றி தோல்விகளை மட்டும் வைத்து இந்த வழக்கில் தீர்ப்பு எழுத முடியாது.

லீக் அணிகளின் பக்கம் பார்வையைத் திருப்பினால் படம் தெளிவாகிறது. ஜொகூர் டாருல் தாக்சிம் அணி புதிய வடிவம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் புகழ்பெற்ற பெயர்களைத் தேடிச் சென்றது. ஸ்பெயினின் டானி குயிசா 2013இல் வந்தார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவின் பாப்லோ அய்மார் வந்தார். வலென்சியாவிலும் பென்ஃபிகாவிலும் அவர் ஆடிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அவர் லார்க்கின் அரங்கத்தில் நடந்து வருவதே கனவு போல இருந்திருக்கும். ஆனால், காயங்கள் அவரை விடவில்லை. சில ஆட்டங்களோடு, சில மாதங்களிலேயே அவருடைய மலேசிய வாழ்க்கை முடிந்துவிட்டது. சட்டைகள் விற்றிருக்கும், செய்தித்தாள்களில் படங்கள் வந்திருக்கும். அணியின் ஆட்டத்தில் அவர் விட்டுச்சென்றது அதிகமில்லை.

அதே அணி 2015ஆம் ஆண்டில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றபோது, தஜிகிஸ்தானில் நடந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் ஓர் அர்ஜென்டினாக்காரர்தான்: லியாண்ட்ரோ வெலாஸ்கெஸ். அய்மாரோடு ஒப்பிட்டால் உலகம் அவரை அறியாது. அணியின் தேவைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்டக்காரர் அவர். அரையிறுதியில் எதிரணியாக இருந்த குவைத் குழு, அந்நாட்டின் மீது விதிக்கப்பட்ட தடையால் தொடர்ந்து ஆட முடியாமல் போனது ஜொகூருக்கு உதவியது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இருப்பினும் அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி என்ற பெருமை அதற்கு உரியது. பெயருக்காக ஒருவரை வாங்குவதற்கும் தேவைக்காக ஒருவரை வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே அணி ஒன்றரை ஆண்டுக்குள் காட்டிவிட்டது.

ஜப்பானிலும் இதே பாடம் நடந்தது. 1993இல் ஜே லீக் தொடங்கியபோது இங்கிலாந்தின் கேரி லினேக்கரும் பிரேசிலின் சிக்கோவும் பெரும் எதிர்பார்ப்போடு வரவேற்கப்பட்டனர். லினேக்கர் காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதை எட்டிய சிக்கோவோ தாம் சேர்ந்த காஷிமா அணிக்குத் தொழில்முறை ஒழுக்கத்தையே கற்றுத்தந்தார். பயிற்சிக்கு எப்போது வருவது, தோல்விக்குப் பின் எப்படி நடந்துகொள்வது என்பது வரை அவருடைய தாக்கம் பரவியது. அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள். ஆயினும், ஜப்பானின் வளர்ச்சிக்கு அவர்கள் மட்டும் காரணம் அல்லர். ஒவ்வோர் அணியும் இளையோர் அணிகளை வளர்க்க வேண்டும் என்று லீக் கட்டாயப்படுத்தியது. 1998ஆம் ஆண்டில் முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குத் தகுதிபெற்ற ஜப்பான், அதன் பின்னர் ஒருமுறைகூடத் தவறவில்லை.

இந்த இடத்தில், திடலில் யார் எந்த இடத்தில் ஆடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மலேசிய அணிகள் அயல்நாட்டு ஆட்டக்காரர்களைத் தேடும்போது முதலில் தேடுவது கோல் அடிப்பவரை. அடுத்து, உயரமும் உடல்வலிமையும் கொண்ட மத்தியத் தற்காப்பு ஆட்டக்காரரை. ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் இடங்கள் அவைதாம் என்பதால் அது இயல்பே. ஆனால், ஏறக்குறைய எல்லா அணிகளும் அப்படியே செய்தால், நாடு முழுவதிலும் அந்த இரண்டு இடங்களில் பழகும் உள்ளூர் இளைஞர்களுக்கு வழி அடைபடுகிறது. பதினேழு வயதில் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் கோல் மழை பொழியும் ஒரு மாணவன், தொழில்முறை அணிக்குப் போனதும் ஓரத் திடலுக்கு மாற்றப்படுகிறான். நடுவில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளில் அவனும் ஓர ஆட்டக்காரனாகவே ஆகிவிடுகிறான். தேசிய அணியின் பயிற்றுநர் பின்னர் 'கோல் அடிக்க உள்ளூரில் ஆளில்லை' என்று வருந்துவதில் வியப்பில்லை. மாமாவின் சலிப்பில் இருக்கும் உண்மை இதுதான்.

இளைஞனின் பக்கத்திலும் உண்மை இருக்கிறது. 2024 ஜனவரி 25ஆம் நாள், கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டத்தை மறக்க முடியாது. அதற்கு முந்தைய இரண்டு ஆட்டங்களிலும் தோற்று, மலேசியா அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பை ஏற்கனவே இழந்திருந்தது. எதிரே தென்கொரியா. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆடும் நட்சத்திரங்கள் நிறைந்த அணி. முதலில் கோல் அடித்ததும் கொரியாதான். இடைவேளைக்குப் பிறகு பைசால் ஹலிம், உலகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களுள் ஒருவரான கிம் மின் ஜேயை ஏமாற்றித் திருப்பி, குறுகலான கோணத்திலிருந்து கோல் அடித்தார். அரிப் ஐமான் பினால்டியில் இரண்டாவது கோலைச் சேர்த்தார். கொரியா மீண்டும் முந்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில், காயங்களுக்காகச் சேர்க்கப்பட்ட நேரத்தின் பதினைந்தாவது நிமிடத்தில், ரோமேல் மொராலெஸ் மூன்றாவது கோலை அடித்தார். 3-3.

அந்த மூன்று கோல்களையும் அடித்தவர்களைப் பாருங்கள். மொராலெஸ் கொலம்பியாவில் பிறந்து, மலேசிய லீக்கில் பல ஆண்டுகள் ஆடி, குடியுரிமை பெற்றவர். மற்ற இருவரும் மலேசியாவிலேயே வளர்ந்தவர்கள். ஆனால், அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் நிறைந்த அணிகளில் ஆடுபவர்கள். அரிப் ஐமான் ஆடும் ஜொகூர் அணியில் ஒவ்வொரு நாள் பயிற்சியிலும் அவரைத் தடுக்க வருபவர்கள் தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழகியவர்கள். அவர்களைத் தாண்டப் பழகிய கால்களுக்குக் கொரியத் தற்காப்பு புதிதல்ல. அந்த அணியில் இடம்பிடிப்பதே பெரும்போட்டி என்ற சூழலில், அவர் இடம்பிடித்தது மட்டுமன்றி, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் தொடர்ந்து வென்றவர். நல்ல அயல்நாட்டு ஆட்டக்காரர் பக்கத்தில் இருந்தால் உள்ளூர்த் திறமை கருகிவிடும் என்பதற்கு எதிரான வலுவான சான்று அவர். இத்தகையவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அடுத்த கேள்வி. ஓர் அரிப் ஐமானைக் காட்டி, வாய்ப்பே பெறாத நூறு பேரை மறந்துவிட முடியாது.

வாய்ப்பைப் பற்றிப் பேசும்போது பெட்டாலிங் ஜெயா சிட்டி அணியை நினைக்காமல் இருக்க முடியாது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் சார்பில் வளர்ந்து, தோட்டப்புறத்திலும் நகர்ப்புறத்திலும் ஆடிய இந்திய இளைஞர்களுக்கு ஒரு கதவைத் திறந்த அணி அது. 2019இல் புதிய பெயரோடு சூப்பர் லீக்கில் கால்வைத்தது. பயிற்றுநர் பி. மணியத்தின் தலைமையில் 2022ஆம் ஆண்டுப் பருவத்தை அயல்நாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமலேயே அது எதிர்கொண்டது. பிற அணிகள் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களை நம்பியிருந்த லீக்கில், இவர்கள் கடைசி இடத்திற்குச் சரிந்துவிடவில்லை. ஆனால், அந்தப் பருவத்தின் முடிவில் அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. திடலில் தாக்குப்பிடிக்க முடிந்த ஓர் அணி, திடலுக்கு வெளியே தொடர முடியவில்லை. ஒரு காலத்தில் மு. சந்திரன், ஆர். ஆறுமுகம் போன்ற பெயர்கள் தேசிய அணியின் முதுகெலும்பாக இருந்த நாட்டில், இந்திய இளைஞர்கள் மேலேறி வரும் படிகளுள் ஒன்று அப்படி மறைந்தது. அதை இழந்ததற்கு அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் காரணமல்லர்.

இங்கேதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இரசிகர்களின் வாதங்களில் மிகக் குறைவாகவும், அணி அலுவலகங்களில் மிக அதிகமாகவும் பேசப்படும் பொருள் அது.

ஐரோப்பாவில் ஒப்பந்தக் காலம் முடியாத ஆட்டக்காரரைப் பெற, அவருடைய பழைய அணிக்குப் பெருந்தொகை தர வேண்டும். மலேசியாவில் பெரும்பாலும் ஒப்பந்தம் முடிந்தவர்களே அணி மாறுவதால், அந்தச் செலவு குறைவு. செலவெல்லாம் மாதச் சம்பளம்தான். அதனால்தான் பருவத்தின் தொடக்கத்தில் ஒருவரை வாங்குவது மிக மலிவாகத் தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, சமூக ஊடகத்தில் வெளியிட்டால் போதும். சிக்கல் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் தொடங்கும். நுழைவுச்சீட்டு வருமானம் எதிர்பார்த்த அளவு இல்லை, ஆதரவாளர் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை, சம்பளம் தள்ளிப்போகிறது. அயல்நாட்டு ஆட்டக்காரர் ஃபிஃபாவிடம் முறையிட்டால், பாக்கியைத் தீர்க்கும் வரை புதியவர்களைப் பதிவு செய்ய முடியாதபடி அணிக்குத் தடை வரும். உள்ளூர் ஆட்டக்காரர்களோ, வீட்டுக் கடனையும் வாகனக் கடனையும் வைத்துக்கொண்டு, அணியின் மீதுள்ள பற்றாலும் வேறு அணி கிடைக்காதோ என்ற அச்சத்தாலும் பல மாதங்கள் பொறுத்திருக்கிறார்கள். மலேசிய லீக்கில் சம்பளப் பாக்கி என்பது பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன செய்தியாகிவிட்டது. 2025ஆம் ஆண்டில் பேராக், ஸ்ரீ பகாங் போன்ற நெடிய வரலாறு கொண்ட அணிகளே சூப்பர் லீக்கிலிருந்து விலகின. அந்த மாநிலங்களின் இரசிகர்களுக்கு, 'இந்த வருசம் யாரைக் கொண்டு வர்றாங்க?' என்று கேட்கக்கூட அணியில்லாமல் போனது.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு சீனாவில் உண்டு. உலகின் விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை அங்குள்ள அணிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. 2020 நவம்பரில் லீக்கை வென்ற ஜியாங்சு அணி, சில மாதங்களிலேயே, 2021 பிப்ரவரியில், செயல்பாட்டை நிறுத்தியது. கிண்ணத்தில் படிந்த கைரேகை காய்வதற்குள் அணி இல்லை. ஆசியக் கிண்ணங்களை இருமுறை வென்ற குவாங்சோவும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடன்சுமையால் மறைந்தது. அந்த அணிகளில் ஆடிய அயல்நாட்டு நட்சத்திரங்கள் வேறு நாடுகளுக்குப் போய்விட்டனர். இளையோர் அணிகளில் இருந்த சிறுவர்களுக்குப் போவதற்கு அவ்வளவு இடங்கள் இல்லை.

குறைந்த செலவில் நல்லவர்களைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். அதற்குப் பணத்தைவிடக் கண்கள் வேண்டும். 2016இல் இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கை வென்று உலகையே வியக்கவைத்த லெஸ்டர் சிட்டி அணியின் ஜேமி வார்டி, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே கீழ்நிலை லீக்குகளில் ஆடியவர். ரியாத் மாரெஸ் பிரான்சின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து மிகச் சொற்பத் தொகைக்கு வந்தவர். ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைப் பார்த்து எழுதிய சிலரின் குறிப்பேடுகளில்தான் அந்த வெற்றி தொடங்கியது. மலேசியாவில் ஓர் அணி, ஓர் அயல்நாட்டு ஆட்டக்காரரின் ஓராண்டுச் சம்பளத்தைக் கொண்டு, சபாவின் உட்பகுதி முதல் கெடாவின் பள்ளித் திடல்கள் வரை சென்று பார்க்கும் இரண்டு மூன்று பேரைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்யும் அணி அடுத்த பருவமே வெல்லாது என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

இங்கிலாந்தின் விதிகளிலிருந்தும் சற்றுக் கற்கலாம். 1992இல் பிரிமியர் லீக் தொடங்கியபோது, முதல் வார ஆட்டங்களைத் தொடங்கிய ஆட்டக்காரர்களுள் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியிலிருந்து வந்தவர்கள் பதின்மூன்று பேர்தாம். 1999 டிசம்பரில் செல்சி அணி, உள்நாட்டவர் ஒருவர்கூட இல்லாத பதினொருவரோடு ஆட்டத்தைத் தொடங்கியது. எழுந்த எதிர்ப்புக்குரல்கள் நம் உணவகங்களில் கேட்பவைதாம். 2010இல் ஒரு விதி வந்தது. 25 பேர் கொண்ட பட்டியலில், உள்நாட்டு அணிகளில் பயிற்சிபெற்று வளராத மூத்த ஆட்டக்காரர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இந்த விதி ஒருவரின் கடப்பிதழைப் பார்ப்பதில்லை. 21 வயதுக்குள் அவர் எங்கே பயிற்சி பெற்றார் என்பதையே பார்க்கிறது. கூடவே, 2012 முதல் பயிற்சிக்கழகங்களைத் தரம் பிரித்து முதலீடு செய்தார்கள். அயல்நாட்டவர்கள் இன்றும் அங்கே நிறைந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய அணியோ ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தை 2021லும் 2024லும் எட்டியது.

ஆசியப் போட்டிகளில் அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்கான வரம்பை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டுப் பருவம் முதல் நீக்கிவிட்டது. மலேசிய லீக்கும் தன் வரம்பைத் தளர்த்தியே வந்திருக்கிறது. வெளியே கதவு திறந்திருக்கும்போது, உள்ளே மட்டும் 2009ஆம் ஆண்டைப் போல முழுத் தடை விதிப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. அப்படிச் செய்தால் ஆசியப் போட்டிகளில் மலேசிய அணிகள் பழையபடி கோல்களை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். குடியுரிமை பெற்ற ஆட்டக்காரர்களுக்கான விதிகளும் ஆவணங்களும் தனியாகப் பேச வேண்டியவை.

எனவே, லீக் நிருவாகம் இரண்டு நிபந்தனைகளை வைத்தால் இந்த வாதத்தில் பாதி அடங்கும். முதலாவது, ஓர் ஆட்டக்காரரைப் பதிவு செய்யும் அணி, அவருடைய அந்தப் பருவத்திற்கான சம்பளத்தை முன்கூட்டியே வங்கி உத்தரவாதமாகக் காட்ட வேண்டும். வெறும் வாக்குறுதியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இந்த நிபந்தனை வந்தால் பல அணிகளின் விருப்பப் பட்டியல் தானே சுருங்கும், சுருங்கட்டும். இரண்டாவது, 21 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஒரு பருவத்தில் ஆடிய மொத்த நிமிடங்களைக் கணக்கிட்டு, லீக் அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் தொகையில் ஒரு பகுதியை அந்தக் கணக்கின்படி தர வேண்டும். அதிக நிமிடம் கொடுத்த அணிக்கு அதிகத் தொகை.

இதற்குப் பயிற்றுநர்கள் உடனே மறுப்புத் தெரிவிப்பார்கள். அவர்களின் மறுப்பை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. தொடர்ந்து மூன்று ஆட்டங்களில் தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருப்பவர், பத்தொன்பது வயது இளைஞனை எண்பதாவது நிமிடத்தில்கூட இறக்கத் தயங்குவார். தெரிந்த அயல்நாட்டு ஆட்டக்காரர் களைத்திருந்தாலும் அவரையே நிறுத்திவைப்பார். ஆகவே, அந்தத் துணிச்சலுக்கான விலையைப் பயிற்றுநரின் தலையில் சுமத்தாமல், அணியின் வருமானக் கணக்கில் சேர்க்க வேண்டும். உரிமையாளரே 'அந்தப் பையனை இறக்குங்கள்' என்று சொல்லும் நிலை வந்தால் பயிற்றுநருக்கும் பயமில்லை. இதற்காகப் புதிய கருவியோ புதிய குழுவோ தேவையில்லை. யார் எந்த நிமிடத்தில் உள்ளே வந்தார், யார் வெளியேறினார் என்பது ஒவ்வோர் ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ அறிக்கையிலும் இப்போதே எழுதப்படுகிறது. யாராவது அவற்றைக் கூட்டிப் பார்த்து, பருவத்தின் முடிவில் அணிவாரியாக வெளியிட வேண்டும்.